பாறைக்கும் பிரசவ லீவு உண்டு

மார்ச் வந்தால், அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் சில பாறைகளில் ஏறத் தடை போட்டுவிடுவார்கள். வழக்கமாக ஜூலை 15 வரை. காரணம் பொரி வல்லூறு, அதாவது பெரிகிரின் ஃபால்கன்.

லீவு போட்டு, டிக்கெட் எடுத்துப் போறவங்களுக்குக் கடுப்பாத்தான் இருக்கும். நான் ஏறியது ஜிம் சுவர் மட்டும்தான். ஆனாலும் அந்தக் கடுப்பு எனக்குப் புரியுது. ஆனா கொஞ்சம் யோசிங்க. இந்தப் பறவை குச்சி அடுக்கிக் கூடு கட்டாது. பாறை விளிம்பிலேயே முட்டையிடும். நாம் நெருங்கினால் தாய் பறந்துவிடும். முட்டை குளிர்ந்துபோனால் அந்த வருஷம் அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் டிடிடி பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்தது. 1972-ல் அமெரிக்கா அதைத் தடை செய்தது. யோசெமிட்டியில் பாறை ஏறுபவர்களே கயிற்றில் தொங்கிப் போய், மெலிந்த முட்டைகளை எடுத்துவிட்டு, வளர்ப்பில் பொரித்த குஞ்சுகளை வைத்தார்கள். 1999-ல் அழியும் இனங்களின் பட்டியலில் இருந்தே இந்தப் பறவை வெளியே வந்தது.

அன்று உயிரைப் பணயம் வைத்து ஏறினார்கள். இன்று கேட்பது, ஏறாமல் இருங்கள் என்பதுதான். கூடு இல்லாத பாறையைச் சீக்கிரமே திறந்தும் விடுகிறார்கள். நாலரை மாசம் பொறுத்தால் என்ன? பாறை எங்கேயும் ஓடிப்போகாது.