குரக்கன் பிட்டு பூனைக்கு இல்லை

செவலைக்குச் சீனி வருத்தம் என்பதை எங்களுக்கு முதலில் காட்டிக் கொடுத்தது எறும்புகள்தான். பின் வளவில் அவன் மூத்திரம் பெய்கிற மண்ணில் மொய்த்துக் கிடந்தன. தண்ணிச் சட்டி நாளுக்கு இரண்டு தரம் காலியானது. நல்லாச் சாப்பிட்டான், ஆனால் மெலிந்துகொண்டே போனான். கடைசியில் பின்னங்கால்களைக் குதிவரை நிலத்தில் பதித்து, முயல் மாதிரி நடக்கத் தொடங்கின பிறகுதான் கூடையில் போட்டுக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினோம். ஒன்பது வயது, நலமடித்த கடுவன், வீட்டுக்குள்ளேயே கிடந்து கொழுத்தவன். பூனைகளில் இந்த வருத்தம் கூடுதலாக வருவதே இப்படியான ஆட்களுக்குத்தானாம்.

அம்மம்மாவுக்கும் சீனி. இருபது வருச அனுபவம். அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டா: இனி வெள்ளைச் சோறு இல்லை, குரக்கன் பிட்டும் அவிச்ச சூடையும்தான். வீட்டில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான். இந்தக் கட்டுரை அந்தப் பிட்டுக்கு எதிரானது.

எங்களுக்குக் குரக்கன் நல்லது என்கிறது, அது வெள்ளைச் சோற்றைவிட மெதுவாகச் செரிப்பதால். பூனைக்கு மெதுவோ வேகமோ, மாப்பொருளே பெரிதாகத் தேவையில்லை. அதன் எச்சிலில் மாப்பொருளை உடைக்கிற அமைலேஸ் இல்லை. சாப்பாட்டோடு வருகிற குளுக்கோசை ஈரலில் பிடித்து வைக்க உதவும் குளுக்கோகைனேஸும் மிகக் குறைவு. தனக்கு வேண்டிய குளுக்கோசை அது புரதத்தில் இருந்தே செய்துகொள்ளும். ஆக அம்மம்மாவின் பத்தியத்தைப் பூனைக்கு வைக்கிறது, அன்பாகவே நஞ்சு வைக்கிற மாதிரி. (அவவிடம் இந்த வசனத்தைச் சொல்லவில்லை.)

"அப்ப பிட்டை விடு, மீனை மட்டும் குடு." திருகோணமலையில் இதைவிட இலகுவான தீர்வு கிடையாது. சந்தையில் மீன்காரர் தலையும் குடலும் சும்மாவே பையில் போட்டுத் தருவார். துறைமுகப் பக்கத்துப் பூனைகள் எல்லாம் மீனில்தானே வாழுது என்பார்கள். வாழுது, உண்மைதான். எத்தனை வயது வரை என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. அதுகள் எலி, ஓணான், குருவி என்று முழு உடம்பாகப் பிடித்துத் தின்னும் என்பதும் கணக்கில் வருவதில்லை. எலி ஒன்றில் இறைச்சி, எலும்பு, ஈரல், இதயம் எல்லாம் இருக்கு. நாங்கள் தட்டில் வைக்கிறது முள்ளெடுத்த சதை மட்டும். அதில் கல்சியம் போதாது. சாளை இனத்து மீன்கள் சிலவற்றைப் பச்சையாகக் கொடுத்தால், அவற்றில் உள்ள தயமினேஸ் விற்றமின் பி1ஐ அழிக்கும். அவித்தால் அந்தப் பிரச்சினை போகும், ஆனால் டோரின் அவிச்ச தண்ணியோடு கரைந்து போகும். சூரை மாதிரி மீனையே நாள்தோறும் கொடுத்தால் விற்றமின் ஈ குறைந்து உடம்புக் கொழுப்பு அழற்சி கண்டு நோகும்.

டோரின் சின்ன விசயமில்லை. அது குறைந்தால் பூனையின் இதயம் விரிந்து பலமிழக்கும், கண்பார்வையும் போகும். இதயக் கதையை 1987இல்தான் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் போல் பியோன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அதுவரை கொம்பனிகள் விற்ற சாப்பாட்டிலேயே டோரின் போதாமல் இருந்திருக்கு. அதே டேவிஸில் 2019இல் பூனைக்கான வீட்டுச் சமையல் குறிப்புகள் 114ஐ எடுத்துப் பார்த்தார்கள். கணக்குப் பார்க்கக் கூடியதாக இருந்தவற்றில் ஒன்றுகூட எல்லாச் சத்தையும் தேவையான அளவில் கொடுக்கவில்லை. அவர்கள் எடுத்ததில் புத்தகங்களில் வந்த குறிப்புகளும் இருந்தன. எங்கள் குசினி அதைவிடத் திறமாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

அதனால் என்னுடைய கட்சி இது: முதலில் 'கொம்ப்ளீட்', பிறகுதான் சீனி. பக்கெட்டிலோ டின்னிலோ 'கொம்ப்ளீட்' என்று போட்டிருந்தால் அதை மட்டும் கொடுத்தே பூனையை வளர்க்கலாம். 'கொம்ப்ளிமென்டரி' என்றால் அது பக்கத் துணை, எங்களுக்குச் சம்பல் மாதிரி. அழகான சூரைத் துண்டு மிதக்கிற எத்தனையோ பவுச்சுகள் இந்த இரண்டாவது வகைதான், எழுத்து வேறு பொடி எழுத்து.

பிறகு மாப்பொருள். லேபிளில் அதைப் போட மாட்டார்கள், நாங்களே கழிக்க வேணும். நூறில் இருந்து புரதம், கொழுப்பு, ஈரப்பதன், நார், சாம்பல் ஐந்தையும் கழித்தால் மிஞ்சுவது அதுதான். உதாரணத்துக்கு, காய்ந்த உருண்டைத் தீன் ஒன்றில் 30, 10, 10, 4, 8 என்று இருந்தால் மிச்சம் 38. ஈரத்தை விட்டுப் பார்த்தால் 90இல் 38, அதாவது நூற்றுக்கு 42. பவுச் ஒன்றில் 11, 5, 80, 1, 2 என்றால் மிச்சம் ஒன்றே ஒன்று, 20இல் 1, நூற்றுக்கு 5. லேபிள் எண்கள் அண்ணளவானவைதான், ஆனாலும் இந்த இடைவெளி பொய்யில்லை. 'டயபெட்டிக்' என்று பெயர் போட்ட விலை கூடின பக்கெட்தான் வேணும் என்றுமில்லை. சாதாரண ஈரச் சாப்பாடு கனக்க இந்தக் கணக்கில் தேறும்.

இனி என்னுடைய பிழை. இதெல்லாம் வாசித்த உற்சாகத்தில் ஒரே இரவில் உருண்டையை நிறுத்திப் பவுச்சுக்கு மாறினேன். வைத்தியரிடம் சொல்லவில்லை, இன்சுலின் அளவும் பழையதுதான். மூன்றாம் நாள் விடியப்புறம் செவலை தள்ளாடி விழுந்தான். மாப்பொருள் குறைந்தால் இன்சுலினும் குறைய வேணும் என்பது அப்பதான் உறைத்தது. முரசில் தேனைத் தடவி, ஓட்டோ பிடித்து ஓடினோம். தப்பிவிட்டான். அளவைப் பாதியாக்கின வைத்தியர் ஏசவில்லை, அதுதான் கூட நொந்தது. ஆகவே சாப்பாட்டை மாற்ற முதல் வைத்தியருக்குச் சொல்லுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். புதுச் சாப்பாட்டை வெறுத்து இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கொழுத்த பூனைக்கு ஈரலில் கொழுப்பு ஏறும், அது தனி ஆபத்து. நேரத்தோடு பிடித்து, மாப்பொருள் குறைத்து, இன்சுலினும் ஒழுங்காகப் போட்டால் சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாத நிலையும் வரும். எங்களுக்கு இன்னும் வரவில்லை. இப்ப காலையும் மாலையும் ஒரு யூனிற்.

காசு? நாலு கிலோப் பூனைக்கு நாளுக்கு ஏறக்குறைய 200 கலோரி வேணும், அது கிட்டத்தட்ட மூன்று பவுச். மாதத்துக்குத் தொண்ணூறு. 2022இல் மனிசருக்கே பால்மா கிடைக்காமல் வரிசையில் நின்ற ஊர் இது, "பூனைக்கு இவ்வளவா" என்று கேட்கிறவரை நான் கொடியவர் என்று சொல்ல மாட்டேன். முழுவதும் பவுச் வாங்க ஏலாதவர்கள் புரதம் கூடின கொம்ப்ளீட் உருண்டையை அளந்து கொஞ்சம் கலக்கலாம், அதற்கேற்ற இன்சுலின் அளவை வைத்தியர் சொல்லுவார். உப்பில்லாமல் அவிச்ச மீனோ கோழியோ கலோரியில் பத்தில் ஒரு பங்கு வரை ஆசைக்குக் கொடுக்கலாம். அதற்குமேல் மிச்சம் பிடிக்கிற காசு ஊசிச் செலவாகத் திரும்பி வரும்.

மீன்காரர் இன்னும் தலைப் பையைத் தாறார். வேண்டாம் என்று சொல்ல மனமில்லை, வாங்குகிறோம். அம்மம்மா அதில் சொதி வைக்கிறா, குரக்கன் பிட்டோடு நாங்கள் சாப்பிடுகிறோம். செவலை வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பான்.