பொதலேரின் மீள்வரிகளை அந்தாதி எனலாமா?

ஷார்ல் பொதலேரின் 'தீமையின் மலர்கள்' (1857) தொகுப்பிலுள்ள 'மாலையின் ஒத்திசை' என்னும் பிரெஞ்சுக் கவிதையில் அடிகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. தமிழ் யாப்புப் பயிற்சியுடையோர் அதனை அந்தாதி என்றே சொல்லத் துணிவர். அப்பெயர் இங்குப் பொருந்தாது என்பது என் கருத்து.

கவிதை நான்கடிப் பத்திகள் நான்கால் ஆனது. ஒரு பத்தியின் இரண்டாம், நான்காம் அடிகள் அடுத்த பத்தியின் முதல், மூன்றாம் அடிகளாகின்றன. எனவே 16 அடிகளுள் வேறுபட்டவை பத்தே. அந்தாதியில் ஒன்றன் ஈறே அடுத்ததன் முதலாகும். இங்கோ மீளும் ஒவ்வோரடியும் இடையில் ஈரடிகளைக் கடந்தே மீள்கிறது. மலாய்ப் பந்துன் வழிவந்த இவ்வமைப்பு, விக்தோர் யூகோ தம் கவிதை நூலொன்றின் (1829) குறிப்புரையில் வெளியிட்ட மொழிபெயர்ப்பால் பிரெஞ்சுக் கவிஞர்க்கு அறிமுகமாயிற்று. அவ்வமைப்பில் முதலடியே இறுதியடியாகவும் வருதல் வேண்டும். பொதலேர் அதனையும் கைவிட்டார். ஆகவே மண்டலித்தலும் இல்லை.

ஒப்பீட்டுக்கு உண்மையில் இடம் தருவது அடிக்கணக்கு. ஒவ்வோரடியும் 12 உயிரொலி அலகுகள் உடையது. ஆறாம் அலகின்பின் நிறுத்தம் அமையும். அடியீற்றில் நலியும் 'எ' ஒலி எண்ணப்படுவதில்லை. ஒற்று நீக்கி எழுத்தெண்ணும் கட்டளைக் கலித்துறையைக் கற்றவர்க்கு இக்கணக்கு அயலாகத் தோன்றாது. எனினும் நாம் நீக்குவது மெய். அவர்கள் நீக்குவது உயிர். மேலும், அதே உயிர் அடியின் நடுவே மெய்க்கு முன் வருமாயின் எண்ணப்படும்.

தொடையே இக்கவிதையின் உயிர்நிலை. கவிதை முழுவதற்கும் இயைபு இரண்டே. அவற்றுள் ஒன்று, மாலையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் ஈற்றொலி. தூபக்கலசம், நற்கருணைப் பீடம், கதிர்ப்பாத்திரம் ஆகிய கத்தோலிக்க வழிபாட்டுப் பெயர்களும் அவ்வொலியிலேயே முடிகின்றன. மாலைப்பொழுது வழிபாடாக மாறுவதை உவமையைக் காட்டிலும் இயைபே முன்னின்று நிகழ்த்துகிறது. பொருளை மட்டும் பெயர்க்கும் தமிழாக்கத்தில் இவ்வுறவு அறுந்துபோகும். எதுகையால் அதனை ஈடுசெய்யவும் இயலாது, ஏனெனில் எதுகை அடியின் தொடக்கத்தில் ஒலிப்பது. கதிர்ப்பாத்திரம் இறுதியடியின் இறுதிச் சொல். அதுவரை மீண்டுமீண்டும் ஒலித்த ஈறு, காதலியின் நினைவு ஒளிரும் அப்பாத்திரத்தில் வந்து அடங்குகிறது. அவ்வடி மீள்வதில்லை. அதன்பின் பத்தியும் இல்லை.