எல்லை கடந்த வரிப் பிணக்குகளும் வழக்கறிஞர் இரகசியப் பாதுகாப்பும்

வழக்கறிஞர் இரகசியப் பாதுகாப்பு என்பது, சட்ட ஆலோசனைக்காகக் கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் கூறியவற்றையும் அவர் வழங்கிய அறிவுரையையும் கட்சிக்காரரின் இசைவின்றி வெளியிடக் கூடாது என்னும் சட்டக் கோட்பாடு ஆகும். பன்னாட்டு நிறுவனங்களின் வரிப் பிணக்குகளில், ஒரே கடிதம் ஒரு நாட்டில் இப்பாதுகாப்பைப் பெற்றும் மற்றொரு நாட்டில் பெறாமலும் போகலாம்.

நாடுகளிடையே வேறுபாடு

அமெரிக்காவின் அப்ஜான் வழக்கில் (1981), ஒரு மருந்து நிறுவனத்தின் வெளிநாட்டுக் கொடுப்பனவுகள் குறித்து ஊழியர்கள் அந்நிறுவனத்தின் சொந்தச் சட்ட அலுவலருக்கு அளித்த விடைகளை வரித்துறை கோரியது. அவ்விடைகளுக்குப் பாதுகாப்பு உண்டு என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், நடந்த உண்மைகளை இதனால் மறைக்க இயலாது என்றும் கூறியது. பிரித்தானியாவின் புரூடென்சியல் வழக்கில் (2013), கணக்காளர் வழங்கிய வரி ஆலோசனைக்கு இப்பாதுகாப்பு மறுக்கப்பட்டது.

இந்தியாவில் 1872 ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்த இக்கோட்பாடு, சூலை 1, 2024 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 132 முதல் 134 வரையான பிரிவுகளில் உள்ளது. சட்டவிரோத நோக்கத்துக்கான தொடர்புகள் இதில் அடங்கா. பட்டயக் கணக்காளர்களுக்கும் இது பொருந்தாது. நிறுவனத்தின் ஊதியம் பெறும் சட்ட அலுவலர்கள் 132 ஆம் பிரிவின் பாதுகாப்பைக் கோர முடியாது என 2025 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

திருப்பெரும்புதூர் நிகழ்வு

பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தின் மாவட்டத்தில், திருப்பெரும்புதூரில் நோக்கியா கைபேசி ஆலை 2006 இல் உற்பத்தியைத் தொடங்கியது. பின்லாந்துத் தாய் நிறுவனத்துக்கு மென்பொருளுக்காகச் செலுத்திய தொகை உரிமைத்தொகை எனவும், அதில் வரி பிடித்திருக்க வேண்டும் எனவும் கூறி, 2013 இல் வருமான வரித்துறை சுமார் 2,080 கோடி ரூபாய் கோரியது. நோக்கியா இதை மறுத்தது. ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டதால், 2014 ஏப்ரலில் கைபேசித் தொழில் மைக்ரோசாப்டிடம் சென்றபோது இவ்வாலை அதில் சேரவில்லை. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். இந்தியாவும் பின்லாந்தும் பரசுபர உடன்பாட்டு நடைமுறை வழியாக 2018 இல் பிணக்கைத் தீர்த்தன. நோக்கியா சுமார் 20.2 கோடி யூரோ செலுத்தியது.

முக்கியத்துவம்

இத்தகைய பிணக்குகளில் ஒப்பந்தங்களும் கணக்கேடுகளும் பொதுவாக அறிவுரையாகக் கருதப்படுவதில்லை. அவற்றுக்கு எப்பொருள் கொள்வது என்னும் சட்டக் கருத்தே பாதுகாப்புக்கு உரியது. அக்கருத்தைக் கணக்காளரோ சட்ட அலுவலரோ எழுதினால், இந்தியாவில் அதுவும் வெளிப்படலாம். பாதுகாப்பு குறுகினால் நிறுவனங்கள் அறிவுரையை எழுத்தில் பெறத் தயங்கும். விரிந்தால் வரித்துறைக்கு உண்மை எட்டாமல் போகலாம்.

அரசுகளுக்கிடையிலான உடன்பாட்டுப் பேச்சும் இரகசியமாகவே நடைபெறுகிறது. இவ்விரு இரகசியங்களுக்கும் வெளியே இருந்த ஆலைத் தொழிலாளரே திருப்பெரும்புதூரில் முதலில் இழப்பைச் சந்தித்தனர். பிணக்கு தீர்ந்தபோது ஆலை மூடி மூன்றாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.