மூன்றாவது பின்னும் கரிசல் மண்ணும்

பழைய மின்னணு இசைக்கருவி ஒன்றை அது பிறந்த நாட்டை விட்டு வேறொரு நாட்டின் மின்சாரத்தில் இயக்க முனைபவர், மின்னழுத்தம் (வோல்டேஜ்), அலைவெண், நில இணைப்பு (எர்த்) ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று தனித்தனியே பார்த்தாக வேண்டும். முதலிரண்டும் கருவியைக் காப்பவை. மூன்றாவது அதை வாசிப்பவரின் உயிரைக் காப்பது. ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி, விளாத்திகுளம் ஆகிய கரிசல் மண் வட்டாரங்களில், கொடை விழா மேடையாயினும் தேவாலயத்தின் பாடகர் வரிசையாயினும், வோல்டேஜைப் பற்றிக் கேட்கப்படும் அளவுக்கு எர்த்தைப் பற்றிக் கேட்கப்படுவதில்லை என்பதே இங்கு எடுத்துச் சொல்ல வேண்டிய குறை.

தமிழ்த் திரையிசையில் மின்னணு ஒலிகள் பெருகிய எண்பதுகளில், யமஹா டிஎக்ஸ்7 (1983), ரோலண்ட் டி-50 (1987), கோர்க் எம்1 (1988) முதலான ஜப்பானியக் கருவிகள் உலகெங்கும் பரவின. கணினி வழி இசைக்கோப்பைப் பயன்படுத்திய தொடக்க காலத் தமிழ்ப் படங்களுள் ஒன்றான ‘புன்னகை மன்னன்’ 1986இல் வெளிவந்தது. இத்தகைய கருவிகளின் விலை சாதாரணக் குழுக்களுக்கு எட்டாததாக இருந்ததால் வாடகையே வழியாயிற்று. 1976இல் மறைந்த இசையமைப்பாளர் ஆர்.கே. சேகரின் கருவிகளை வாடகைக்கு விட்டே அவருடைய குடும்பம் சில காலம் வாழ்ந்தது என்பதை அவர் மகன் ஏ.ஆர். ரஹ்மானின் வாழ்க்கை வரலாறு அறிந்தோர் அறிவர். இன்றும் வெளிநாடு சென்று திரும்புவோர் வழியாகவும், பழைய பொருள் விற்பனை வழியாகவும் அக்கருவிகள் சிற்றூர்களை வந்தடைகின்றன.

இந்திய வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதாவது மின்னோட்டம் ஒரு நொடியில் ஐம்பது முறை முன்னும் பின்னும் அலைகிறது. ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட். சிங்கப்பூரிலிருந்து வரும் கருவி 230 வோல்ட்டுக்கே உரியது என்பதால் அது எளிதில் பொருந்துகிறது. சவூதி அரேபியாவின் அலைவெண் 60 ஹெர்ட்ஸ் என்பதோடு, அங்குள்ள பழைய கட்டடங்களில் 127 வோல்ட் வழங்கப்பட்டதும் உண்டு. ஒரே மாடல் பல நாடுகளுக்குப் பல வோல்ட்டுகளில் செய்யப்பட்டதால், மாடலின் பெயரை நம்பாமல் கருவியின் பின்பக்கத் தகட்டில் அச்சிட்டிருப்பதையே நம்ப வேண்டும். 100 வோல்ட்டுக்குரிய ஒரு மின்தடைக்கு 230 வோல்ட் கொடுத்தால் அதில் எழும் வெப்பம் ஐந்து மடங்குக்கும் மேலாகிறது. உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரோ தன் காந்த எல்லையைத் தாண்டி, அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்துச் சில நொடிகளில் கருகிவிடக்கூடும்.

அலைவெண்ணின் விளைவு கருவிக்குக் கருவி மாறுகிறது. டிஎக்ஸ்7 போன்றவற்றின் சுருதியை உள்ளிருக்கும் படிகமே நிர்ணயிப்பதால் 50, 60 என்ற வேறுபாடு அவற்றின் இசையைத் தொடுவதில்லை. 1935இல் விற்பனைக்கு வந்த ஹேமண்ட் ஆர்கனோ, மின்சாரத்தின் அலைவெண்ணோடு இசைந்து சுழலும் மோட்டாரால் பற்சக்கரங்களைச் சுழற்றி ஒலி எழுப்புவது. அமெரிக்காவுக்கென்று செய்யப்பட்ட ஹேமண்டை இங்கே வோல்ட்டை மட்டும் சரிசெய்து இயக்கினால், 440 ஹெர்ட்ஸில் ஒலிக்க வேண்டிய ஆறு கட்டைச் சுருதி ஏறத்தாழ 367 ஹெர்ட்ஸுக்கு, நாலரைக் கட்டைக்கும் சற்றுக் கீழே, இறங்கிவிடும். மேலும், 60 ஹெர்ட்ஸுக்கென்றே கணக்காகச் சுற்றப்பட்ட டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறி உறுமும். ஆகவே முதல் அரை மணி நேரம் அதன் சூட்டைக் கவனிப்பது அவசியம்.

வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர்கள் இரு வகைப்படும். ஒரே சுருளிலிருந்து பாதியில் பிரித்தெடுக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் மலிவானது; ஆனால் சுருள் அறுந்தால் முழு 230 வோல்ட்டும் கருவிக்குள் பாயக்கூடும். உள்வரும் சுருளும் வெளிச்செல்லும் சுருளும் தனித்தனியே அமைந்த வகையே பழைய கருவிக்கு ஏற்றது. எதை வாங்கினாலும் தகட்டிலுள்ள வாட்டைவிட ஒன்றரை மடங்கேனும் தாங்குவதாகவும், எர்த் கம்பியைக் கருவி வரை கொண்டு செல்லும் மூன்று துளைச் சாக்கெட் உடையதாகவும் இருக்க வேண்டும். ஹேர் டிரையருக்கென்று விற்கும் சிறிய பயணக் கன்வெர்ட்டர் அலையை வெட்டித் தருவதால் இசைக்கருவிக்கு ஆகாது.

நம் பிளக்கில் மற்ற இரண்டையும்விட நீளமும் தடிமனுமான மூன்றாவது பின், சாக்கெட்டுக்குள் முதலில் நுழைந்து கடைசியில் வெளிவரும்படி அமைக்கப்பட்டிருப்பதே எர்த்தின் முதன்மையைக் காட்டுகிறது. பழைய அமெரிக்க ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் அந்தப் பின்னே கிடையாது. மாறாக, மின்கம்பிக்கும் உலோகச் சட்டத்துக்கும் இடையே ஒரு கெப்பாசிட்டர் பொருத்தப்பட்டிருக்கும், அது பழுதானால் சட்டம் முழுவதும் மின்சாரம் ஏறும். பிளக்கை மாற்றும்போது கம்பியின் நிறத்தை நம்புவதும் ஆபத்து: இந்தியாவின் வழக்கமான ஒயரிங்கில் கறுப்பு நியூட்ரல், அமெரிக்காவில் கறுப்பே பேஸ். மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கம்பியைத் திருக வேண்டும். ஈரமான உடலின் மின்தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். அந்நிலையில் 230 வோல்ட் பட்டால் உடலில் பாய்வது 230 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியரிலேயே துண்டித்துவிடும்படி வீட்டுப் பாதுகாப்புச் சுவிட்சுகள் அமைக்கப்படுவதை நினைத்தால் இதன் கடுமை புரியும். வெறுங்காலோடு நனைந்த தரையில் நின்று மைக்கில் உதடு படப் பாடுபவருக்கு, கீபோர்டில் கசியும் மின்சாரம் ஒலிக் கம்பி வழியாகவே வந்து சேரும்.

மூன்று பின்னும் சரியாக இருந்தும் பயனில்லாது போகும் நிலை கரிசல் நாட்டில் எளிதில் நேரும். எர்த் குழாய் மண்ணோடு ஒட்டியிருந்தால்தான் கசிவு மின்சாரம் தரைக்குள் இறங்கும். கரிசல் மழையில் ஊறி உப்பி, ஈரம் இருக்கும்வரை மின்சாரத்தை நன்கு கடத்துகிறது. கோடையில் அதே மண் சுருங்கிக் கையளவு பிளவுபட்டு, குழாயை விட்டு விலகி நிற்கிறது. உப்பும் கரியும் இட்டு அமைத்த குழியாயினும் வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றாவிட்டால் அதன் தடை ஏறிவிடும். ஜெனரேட்டரில் நடக்கும் விழாவுக்கு அதற்கெனத் தனி எர்த் தேவை. மூன்று பேஸ் ஜெனரேட்டரின் நியூட்ரல் கம்பி தளர்ந்துபோனால், ஒரு பேஸில் உள்ள கருவிகளுக்கு 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம் போய்விடக்கூடும்.

நெடுநாள் கிடப்பில் கிடந்த கருவியை நேரடியாக மின்சாரத்தில் செருகாமல், எலெக்ட்ரீசியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் பல்புப் பலகை வழியாக முதலில் இயக்குவது நல்லது. ஸ்டெப்-டவுனுக்கு முன்னால் பேஸ் கம்பியின் வழியில் 100 வாட் குண்டு பல்பை இணைத்தால், நலமான கருவியில் பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கும். உள்ளே ஷார்ட் இருந்தால் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே நின்று, பெருஞ்சேதத்தைத் தடுக்கும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. வால்வு வகைக் கருவியின் கெப்பாசிட்டர்களில் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும் என்பதால், மூடியைத் திறப்பது பழகியவரின் வேலை.

காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழாவானாலும் ஊர் அம்மன் கொடையானாலும், பந்தல் கால் நடும் நாளிலேயே எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றி, எர்த் டெஸ்டரால் அளந்து, கீபோர்டும் ஆம்ப்ளிஃபயரும் மைக்கும் ஒரே இடத்திலிருந்து எர்த் பெறுமாறு செய்வதை விழாக் குழுவினர் தங்கள் பொறுப்பாக ஏற்க வேண்டும். எரிந்த டிரான்ஸ்ஃபார்மரைக் கோவில்பட்டியிலோ மதுரையிலோ திரும்பச் சுற்றி வாங்கிவிடலாம். வாசிப்பவர் உயிருக்கு அப்படியொரு வழியில்லை. ஆகவே விழாவின் செலவுக் கணக்கில் எர்த் குழிக்கான தொகை முதல் வரியாக எழுதப்பட வேண்டும்.