கிரகப்பிரவேசம் முடிந்தது, கூலி எங்கே?



வீட்டு உள்வேலை எடுத்துச் செய்யும் ஆசாரிகளுக்கும் பெயின்டர்களுக்கும் கிரகப்பிரவேசத் தேதி வரைதான் மரியாதை. "ராத்திரி இருந்தாவது முடிச்சுக் குடுத்துடுங்க" என்று அதுவரை கெஞ்சும் வீட்டுக்காரர், பால் காய்ச்சிய மறுவாரமே அலமாரிக் கதவைத் திறந்து மூடிக் காட்டி "பினிஷிங் சரியில்ல" என்கிறார். கடைசித் தவணை அதோடு நின்றுவிடுகிறது. அப்புறம் போனையும் எடுப்பதில்லை.

ஆசாரியின் சொந்தக் கூலி இருப்பதே அந்தக் கடைசித் தவணையில்தான். அட்வான்ஸ் பிளைவுட்டுக்கும் லேமினேட்டுக்கும் போய்விடும். நடுவில் வருவது சனிக்கிழமைதோறும் கூட வேலை பார்ப்பவர்களுக்குப் பட்டுவாடா ஆகிவிடும். கீலும் திருகும் பசையும் கடனுக்குக் கொடுத்த கடைக்காரர் வீட்டுக்காரரையா தேடிப் போவார்?

சட்டம் இல்லாமல் இல்லை. குறு, சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கெடு வைக்க முடியாது; ஒப்பந்தத்தில் கெடு இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. வேலையில் குறை இருந்தால் அதையும் 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கதவை ஆட்டிக் காட்டிச் சொல்லும் குறை இந்தச் சட்டத்தின் முன் நிற்காது.

இது எத்தனை ஆசாரிகளுக்குத் தெரியும்? தெரிந்தாலும், குறு, சிறு தொழில் என்று அரசிடம் செய்துகொள்ளும் உத்யம் பதிவு வேண்டும். பாக்கி நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் பழைய பாக்கிக்குப் பயனில்லை என்று கேரள அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொருளும் கூலியும் சேர்ந்த ஒப்பந்த வேலை இச்சட்டத்தில் வராது என்று சில உயர் நீதிமன்றங்களும் தீர்ப்பளித்துள்ளன. மிஞ்சுவது சிவில் வழக்கு. முப்பதாயிரம் பாக்கிக்கு யார் வக்கீல் வைப்பார்கள்? மூன்று வருடம் கடந்தால் அந்த வழியும் அடைபட்டுப் போகும்.

உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு 1982இலேயே சட்டம் இயற்றிய மாநிலம் இது. அதன்கீழ் அமைந்து, கல்யாணத்துக்கும் படிப்புக்கும் உதவித்தொகை தரும் நலவாரியங்கள், உழைத்த கூலி வராததைக் கண்டுகொள்ளாமல் இருப்பது அநியாயம். உறுப்பினர் அட்டை புதுப்பிக்க வரும்போதே உத்யம் பதிவையும் அங்கேயே போட்டுக் கொடுக்கட்டும். அதற்குக் கட்டணமே கிடையாது. வேலை, தொகை, தவணை மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திட ஒரு பக்கத் தமிழ்ப் படிவத்தையும் அச்சடித்துத் தரட்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவுக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே ஏற்படும் சமரசம் சிவில் தீர்ப்புக்குச் சமம். கூலிப் பாக்கிக்கென்றே அங்கு வாரம் ஒருநாள் அமர்வு நடத்தத் தொழிலாளர் துறை உடனே கேட்க வேண்டும்.

- ஒரு வாசகர், திருச்சி