சொட்டு மருந்து போதும் என்பவர் யார்?

தோட்டத் தொழிலாளத் தோழர்களே!

நாய் பாய்ந்து முகத்தைக் கடித்துவிட்டது. அல்லது பூனையின் நகம் கண்ணில் பட்டுவிட்டது. டிஸ்பென்சரிக்குப் போனால் கிடைக்கும் பதில் என்ன? “கண் கொஞ்சம் சிவந்திருக்கிறது, அவ்வளவுதான். சொட்டு மருந்து விட்டுக்கொள். நாளைப் பெரட்டுக்கு வந்துவிடு.” கண்ணைக் குருடாக்கும் பதில் இது. இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

பல்லும் நகமும் ஊசி போன்றவை. விழியில் அவை போடும் துளை கடுகளவே இருக்கும். தானே மூடியும் கொள்ளும். வெளியே சிவப்பு மட்டும் தெரியும். ஆனால் கிருமி உள்ளே புகுந்திருக்கும். பூனை, நாய்களின் வாயில் குடியிருக்கும் பாஸ்டுரெல்லா என்ற கிருமி ஒரே நாளில் கண்ணுக்குள் சீழ் பிடிக்கச் செய்ய வல்லது. வெளியே விடும் சொட்டு மருந்து போதிய அளவு உள்ளே சேராது. புண்ணுக்குக் கொடுக்கும் கிளாக்சசிலின் மாத்திரையையும் இந்தக் கிருமிக்கு நம்ப முடியாது.

வலி கூடினால், பார்வை மங்கினால், கருவிழியின் அடியில் வெள்ளையாகச் சீழ் தேங்கினால், கண் பிதுங்கி அசைக்க முடியாமற் போனால், ஒவ்வொரு மணி நேரமும் பார்வையின் விலை! இவை தோன்றட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. விழியில் பல்லோ நகமோ பட்டால் அன்றே கண் டாக்டர் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே துளையைத் தைப்பார்கள். கண்ணுக்குள்ளிருந்து நீர் எடுத்துச் சோதிப்பார்கள். முடிவுக்குக் காத்திராமல் வான்கோமைசின், செஃப்டாசிடிம் மருந்துகளைக் கண்ணுக்குள்ளேயே ஊசியால் செலுத்துவார்கள். தேவையானால் சீழை அறுவையால் அகற்றுவார்கள். டிஸ்பென்சரியில் நடக்கிற காரியமா இது?

நம் லயங்களிலும் குற்றம் உண்டு. தாய்ப்பால், பச்சிலைச் சாறு, விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள். கசக்காதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள். முகத்துக் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் சுத்தமான நீரை மட்டும் மெதுவாக விடுங்கள். 2017-இல் சரவாக்கில் பரவிய வெறிநோய் உயிர்களைக் குடித்ததை மறவாதீர்கள்! அதற்கான தடுப்பூசியையும் இம்யூனோகுளோபுலினையும் டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரு நாள் வேலை கெடுமே, வண்டிக்குச் செலவாகுமே என்று நிர்வாகம் முணுமுணுக்கலாம். பட்டையை வெட்டி மரத்தில் காயம் படாமல் கத்தியை நிறுத்துவது கண்ணின் வேலை. ஒரு கண் போனால் ஆழம் பிடிபடாது, மரம் காயப்படும், பிறகு அதே நிர்வாகம் அவனை நிரையிலிருந்து இறக்கும்!

ஆகவே நம் கோரிக்கை: கண்ணருகே கடிபட்டவருக்கு அன்றே வண்டி, சம்பளத்தோடு விடுப்பு. வேலையில் நேர்ந்த கடியானால் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பு. கிராணிமாரே, சம்பவத்தை நாளும் நேரமும் குறித்து எழுதி வையுங்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? இன்றே கேளுங்கள்!