சாகாத மீனும் சாட்சிதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாலாற்று மாசு குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையோடு முழுமையாக உடன்படுகிறேன். மீன்கள் செத்து மிதந்தால்தான் நாம் பதறுகிறோம். ஆனால், தோல் பதனிடும் கழிவில் வரும் குரோமியம் போன்ற கன உலோகங்கள் பெரும்பாலும் ஒரே நாளில் கொல்வதில்லை. அவை சேற்றில் படிந்து, இரையோடு மீனுக்குள் போய், செவுளிலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேர்கின்றன. மூச்சு, வளர்ச்சி, இனப்பெருக்கம் எல்லாவற்றையும் மெல்லக் கெடுக்கின்றன.

நான் ஆம்பூர்ப் பக்கத்துக்காரன். சிறுவயதில் ஆற்றில் வெள்ளம் வடிந்ததும் மடுவில் துண்டை விரித்துக் கெண்டை பிடிப்போம். சென்ற ஆண்டு எங்கள் ஏரியில் என் பேரன் பிடித்த கெளுத்தியின் உடலில் புண். செவுள் வெளிறிக் கிடந்தது. குழம்பு வைக்க மனம் வரவில்லை. அந்தப் புண்ணுக்குக் காரணம் இன்னதென்று சொல்ல எங்கள் ஊரில் எந்தப் பரிசோதனை முடிவும் கிடையாது.

மாசுபடுத்துபவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பளித்துவிட்டது. எனவே, அந்த ஆலைகளின் செலவில் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பாலாற்றுப் படுகை ஏரிகளின் நீரோடு சேற்றையும், மீனின் செவுள், ஈரல், சதையையும் அரசு பரிசோதிக்க வேண்டும். முடிவுகளை ஊராட்சி அலுவலகங்களில் தமிழில் ஒட்ட வேண்டும். மீனின் நலம் தெரிந்தால்தான் ஆற்றின் நலம் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
திருப்பத்தூர் மாவட்டம்.